கடைசியாகத் தொட்டவர்

மென்பொருள் எழுதுகிறவர்கள் தினமும் பயன்படுத்தும் கருவி கிட். நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைத்திருக்கும். அதில் 'பிளேம்' என்று ஒரு கட்டளை. அடித்தால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பெயர் வரும், அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவரின் பெயர். அந்த வரியை யோசித்தது யார், எந்த நெருக்கடியில் எழுதினார் என்பதெல்லாம் வராது. வரியை நாலு எழுத்து உள்ளே தள்ளி ஒழுங்குபடுத்தியவர் பெயர்கூட வந்து நிற்கும். கட்டளையின் பெயரோ பழி! கிட்டுக்கு முன்னால் பரவலாகப் புழங்கிய சப்வெர்ஷனில் இதே கட்டளைக்கு 'பிரெய்ஸ்', அதாவது பாராட்டு, என்று இன்னொரு பெயரும் உண்டு. இரண்டும் செய்வது ஒரே வேலைதான். ஆனால் பாராட்டு என்று அடித்துத் தேடிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஏதாவது கெட்டுப்போனால் 'கடைசியா என்ன மாத்துனீங்க?' என்று கேட்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். தேடுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை, இடையில் மாறியது ஒன்றுதான் என்றால் அங்கிருந்துதானே ஆரம்பிக்க முடியும்? எனக்கு உறுத்துவது வேறு. 'என்ன மாறியது' என்ற கேள்வி, யாரும் கவனிக்காமலே, 'யார் தலையில் கட்டுவது' என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதை யோசிக்க எனக்கு நல்ல உதாரணம் கிடைத்தது அலுவலகத்தில் அல்ல, குற்றாலத்தில் ஒரு பலூன் சுடும் கடையில். சாரல் காலம். பேரருவியில் தண்ணீர் மிரட்டலாக விழுந்ததால் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். குளிக்க வந்த கூட்டமெல்லாம் கடைப்பக்கம் திரும்பியிருந்தது. இந்த மாதிரிக் கடைகளுக்கு அதுதான் நல்ல நேரம். ஆனால் அந்தக் கடையில் இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று சும்மா கிடந்தது. கடைக்கார அண்ணாச்சியும் தென்காசியிலிருந்து வந்திருந்த ஆசாரி ஒருவரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அது குழலை மடக்கி விசையேற்றும் காற்றுத் துப்பாக்கி. குழலைக் கீழே மடக்கும்போது ஓர் இரும்புத் தண்டு உள்ளே இருக்கும் சுருளைப் பின்னுக்குத் தள்ளி அமுக்கும். கடைசிவரை தள்ளினால் கொக்கி பிடித்துக்கொள்ளும். பிறகு ஈயக் குண்டைப் போட்டு, குழலை நிமிர்த்தி, சுட வேண்டும். இரும்புப் பாகம் முழுவதும் ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும். தண்டு போய்வர அந்தக் கட்டையின் முன்பாகத்தில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள்.

பழைய கட்டை கைப்பிடியில் விரிசல் விட்டுவிட்டது. ஆசாரி ஒரு பழைய வீட்டு நிலையிலிருந்து எடுத்த தேக்கில் புதிதாகச் செய்துகொடுத்திருந்தார். கூலி 1500 ரூபாய் பேச்சு. புதுக் கட்டை மாட்டிய இரண்டாம் நாள், குண்டு போடுகிற பையன் குழலை மடக்கியிருக்கிறான். இறுக்கமாக வந்து நின்றிருக்கிறது. கொக்கி பிடித்துவிட்டது என்று நினைத்துக் கையைத் தளர்த்தியிருக்கிறான். பிடிக்கவில்லை. குழல் துள்ளி நிமிர்ந்து கட்டைவிரலைக் கவ்விவிட்டது. நகம் கறுத்து, துணி சுற்றியிருந்தான். ஆகவே இது வெறும் பலூன் விவகாரம் இல்லை.

அண்ணாச்சியின் நிரூபணம் கச்சிதமானது. விரிசல் விட்ட பழைய கட்டையைக் கம்பியால் கட்டி, இரும்பை அதில் மாட்டிக் காட்டினார். பத்து முறை மடக்கினார். பத்து முறையும் கொக்கி பிடித்தது. "பழசுல ஓடுது. புதுசுல ஓடல. இதுக்கு மேல என்ன வேணும்?" என்னைத்தான் கேட்டார். இன்ஜினியர் என்று சொல்லித் தொலைத்திருந்தேன்.

ஆசாரி பதில் பேசவில்லை. தண்டில் விளக்குக் கரியைத் தடவிப் புதுக் கட்டையில் பொருத்தி, மெதுவாக மடக்கி, கழற்றினார். காடியின் இடது சுவரில் ஒரே இடத்தில் கறுப்பு ஒட்டியிருந்தது. பிறகு தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். ஆடியது. தண்டைப் பிடித்திருக்கும் பின் தேய்ந்து, துளை அகன்றிருந்தது. "இது ஆடுது பாருங்க. இது எத்தன வருசமா ஆடுதோ! பழைய கட்டையில இது உரசி உரசித் தனக்கு வேண்டிய வழியத் தானே எடுத்துக்கிட்டுது. நான் தேயாத இடத்துல அளவெடுத்துத்தான் வெட்டியிருக்கேன். அளவு சரியாத்தான் இருக்கு."

பழைய காடியை நானும் தடவிப் பார்த்தேன். ஒரு முனையில் விளிம்பு கூராக இருந்தது. நடுவில் கால் நூல் அளவுக்கு உள்ளே வழவழவென்று தேய்ந்திருந்தது. ஆசாரி சொன்னது உண்மை.

அப்படியானால் தவறு எங்கே இருந்தது? ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-ல் வெளியிட்ட தர்க்க நூலில் அண்ணாச்சி செய்த சோதனைக்கு ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்: வித்தியாச முறை. எல்லாம் ஒன்றாயிருக்க, ஒன்று மட்டும் மாறி, விளைவும் மாறினால், மாறிய அந்த ஒன்று காரணம், அல்லது காரணத்தின் தவிர்க்க முடியாத ஒரு பகுதி. இந்த 'அல்லது'வை நாம் எப்போதும் விட்டுவிடுகிறோம். அதே நூலில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். விளைவுக்கு முன் இருந்த நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்ததுதான் முழுக் காரணம். அதில் ஒன்றை மட்டும் பிடுங்கிக் 'காரணம்' என்று பெயர் சூட்ட நமக்கு உரிமை கிடையாது. தேய்ந்த பின் ஒரு நிபந்தனை. நேரான காடி இன்னொன்று. இரண்டும் சேர்ந்தபோதுதான் விரல் நசுங்கியது. அதில் ஒன்று பல வருடமாக அங்கேயே இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை இதற்கு அப்படியே சொல்ல முடியாது. அந்தக் கதையில் காக்கைக்கும் பழத்துக்கும் சம்பந்தமே இல்லை. இங்கே காக்கையின் எடையும் உண்மை, பழம் கனிந்திருந்ததும் உண்மை. நியாய மரபில் வேறொரு கதை இருக்கிறது, இதற்கு அதுதான் பொருந்தும். பானை உண்டாவதற்கு முன்னால் குயவர் இருக்கிறார், சக்கரம் இருக்கிறது, மண் சுமந்து வந்த கழுதையும் இருக்கிறது. கழுதை பானைக்குக் காரணமா? இல்லை என்கிறார்கள். மண் வேறு எப்படி வந்து சேர்ந்திருந்தாலும் பானை உண்டாகியிருக்கும். அன்யதாசித்தம் என்று அதற்குப் பெயர். சரியான அளவில் யார் கட்டை செய்திருந்தாலும் அந்தத் தண்டு உரசியிருக்கும். புதுக் காடி காரணத்தில் ஒரு பகுதி. அதை வெட்டியது இந்த ஆசாரி என்பது கழுதைக் கணக்கில் வருகிறது. (இதை அவரிடம் சொல்லவில்லை. உளியை எடுத்திருப்பார்.)

மரம் மாறினால் இரும்பு முரண்டு பிடிப்பது ராணுவத் துப்பாக்கிகளிலும் நடந்ததுதான். நம் ஊர்ப் போலீஸ்காரர்களின் தோளில் பார்த்த பழைய பாயிண்ட் 303, லீ என்ஃபீல்டு, இங்கிலாந்தில் வால்நட் மரக்கட்டையோடு பிறந்தது. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையில் உள்ளூர் மரங்களுக்கு மாறினார்கள். வெடிப்பின் உதை வந்து இடிக்கும் இடத்தில் மென்மையான மரம் அமுங்கியதால் அங்கே செம்புத் தகடு வைத்தார்கள். வங்காளத்து இச்சாப்பூரில் கட்டை பிளக்காமலிருக்கக் குறுக்கே ஒரு திருகாணி போட்டார்கள். சேகரிப்பாளர்கள் இன்றும் அந்தத் திருகாணியைப் பார்த்து இது இச்சாப்பூர் என்று அடையாளம் சொல்கிறார்கள். ஒரு தகடு, ஓர் ஆணி, அத்தோடு பிரச்சினை முடிந்தது.

எல்லா இடத்திலும் அப்படி முடியவில்லை. 1960-களின் நடுவில் வியட்நாமில் அமெரிக்கப் படைவீரர்களிடம் எம்-16 துப்பாக்கி கொடுக்கப்பட்டது. சண்டையின் நடுவில் அது அடைத்துக்கொண்டது. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். குழலின் முன்பக்கமிருந்து கம்பியை விட்டு இடித்து வெளியே தள்ள வேண்டும். எதிரே ஆள் சுட்டுக்கொண்டிருக்கும்போது! முதலில் வந்த விளக்கம், வீரர்கள் சரியாகச் சுத்தம் செய்வதில்லை என்பது. துப்பாக்கியைக் கடைசியாகத் தொட்டவர்கள் அவர்கள்தானே. ஆனால் சுத்தம் செய்யும் கருவிகளே போதுமான அளவு அனுப்பப்படவில்லை. இந்தத் துப்பாக்கிக்குப் பராமரிப்பு அதிகம் தேவைப்படாது என்ற பேச்சும் பரவியிருந்தது. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று, ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையில், விசாரித்தது. தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தை ராணுவம் வேறு வகைக்கு மாற்றியிருந்ததை முக்கியக் காரணமாகக் காட்டி, திட்டத்தை நடத்தியவர்களைக் கடுமையாகக் கண்டித்தது. புது மருந்து சுடும் வேகத்தைக் கூட்டியது, கசடும் அதிகம். குண்டு உட்காரும் அறையில் குரோமியப் பூச்சு இல்லாததால் ஈரத்தில் அரிப்பும் சேர்ந்துகொண்டது. பூச்செல்லாம் பிறகுதான் வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, 'என்ன மாறியது' என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்டிருந்தால் விடை முன்பே கிடைத்திருக்கும். மருந்துதான் மாறியிருந்தது. கேள்வி பொருளை விட்டு ஆளுக்குத் தாவியதால், அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டவரைத் தாண்டி, சேற்றில் படுத்திருந்த இருபது வயதுப் பையனிடம் போய் நின்றது. கடைசியாகத் தொடுகிறவர் பெரும்பாலும் வரிசையில் கடைசியில் நிற்பவரும்தான். எலக்ட்ரீஷியன், நர்ஸ், புதிதாகச் சேர்ந்த நிரலாளர், ஆசாரி. முடிவு எடுத்தவர்கள் பொருளைத் தொடுவதே இல்லை, அவர்கள் பெயர் எந்தக் கட்டளைக்கும் வராது.

இதற்கு எதிராகச் சொல்ல ஒன்று உண்டு, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அசையும் பாகம் உள்ள ஒரு பொருளுக்குக் கட்டை செய்கிறவர், கொடுப்பதற்கு முன் ஐம்பது முறை மடக்கிப் பார்த்திருக்க வேண்டாமா? வேண்டும்தான். பையனின் விரல் அதைத்தான் கேட்கிறது. சரிசெய்யும் கடமை கடைசியாகத் தொட்டவருக்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்த நேரத்தில் பொருளை மிக நெருக்கமாக அறிந்தவர் அவர்தான். ஆனால் சரிசெய்யும் கடமை வேறு, நஷ்டத்தைச் சுமப்பது வேறு. தேய்ந்த பின்னை மாற்றாமல் ஓட்டிய ஒவ்வொரு சீசனிலும் மிச்சமான காசு அண்ணாச்சியுடையது. எங்கள் தொழிலில் இதைத் தொழில்நுட்பக் கடன் என்போம். வருடக்கணக்கில் சேர்ந்த கடனுக்குத் தவணை கேட்டு ஆள் வந்த அன்று, வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர் ஆசாரி. அவரிடம் வசூலிக்கலாமா?

ஆசாரி அரத்தை எடுத்து காடியின் இடது சுவரை உட்கார்ந்து ராவினார். இருபது நிமிடம் ஆகியிருக்கும். கரி தடவிப் பார்த்து, மறுபடி ராவினார். பிறகு தானே முப்பது, நாற்பது முறை மடக்கினார். ஒவ்வொரு முறையும் கொக்கி விழும் சத்தம் சுத்தமாகக் கேட்டது. அண்ணாச்சி 1000 ரூபாயை நீட்டினார். "மிச்சம் பையன் ஆஸ்பத்திரிச் செலவுக்கு" என்றார். ஆசாரி எண்ணாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இனி துப்பாக்கி வேலைக்கு என்னைக் கூப்பிடாதீங்க அண்ணாச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இந்தக் குரல் எனக்குப் பழக்கம். ஒவ்வொரு நிறுவனத்திலும் யாரும் கை வைக்கத் துணியாத பழைய நிரல் ஒன்று இருக்கும். தொட்டால் நம் பெயர் வரும் என்று எல்லோரும் சுற்றிப் போவார்கள். அது வருடா வருடம் இன்னும் தேயும்.

பின்னை மாற்றிவிடும்படி அண்ணாச்சியிடம் சொன்னேன். லேத்தில் கொடுத்துத் துளையைச் சரிசெய்து புதுப் பின் கடைந்து வாங்கலாம், பெரிய செலவில்லை. "சீசன் முடியட்டும் தம்பி" என்றார். அப்படி மாற்றினால், தண்டு ஆடாது. ஆனால் காடி இப்போது ஆடும் தண்டுக்கு ஏற்றபடி அகலமாக ராவப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் கட்டையின் சுவர் மெலிந்திருக்கிறது. அடுத்த சாரலுக்குள் அங்கே ஒரு விரிசல் விட்டால், லேத்துக்காரரைக் கூப்பிடுவார்கள்.