கூலிக்கு அமர்த்திய கண்

சித்ரா பௌர்ணமி விடியலில் அழகர் வைகையில் இறங்கும்போது, ஆற்றுக்குள் நெருக்கியடித்து நிற்கிறவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கக் குதிரையின் தலைகூடத் தெரியாது. முன்னால் நிற்பவரின் பிடரியும், சர்க்கரை நிரப்பிய செம்பில் எரியும் தீபமும்தான் கண்ணுக்கு எட்டும். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வந்தார், பச்சையா சிவப்பா என்பதே அன்றைக்கு மதுரையின் முதல் கேள்வி. பச்சை என்றால் அந்த ஆண்டு செழிக்கும் என்பது நம்பிக்கை. அந்த நிறத்தை ஊருக்குச் சொல்கிற வேலையை இப்போது கேமரா செய்கிறது. கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களில் நாள் சம்பளத்துக்கு அழைக்கப்பட்ட வெளியாட்களும் உண்டு. முகூர்த்த நாட்களில் ஸ்டுடியோக்காரர் ஆர்டர் எடுத்துவிட்டு ஆள் போதாமல் வெளியிலிருந்து கேமராமேனைக் கூப்பிடுவதைப் போலத்தான் திருவிழா நாட்களிலும் நடக்கிறது. ஒரு நாள் வேலை, பேசிய தொகை, சாப்பாடு, பேட்டா. இரவில் மெமரி கார்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு சமயக் கேள்வி இருக்கிறது. கும்பிட வந்தவர்களுக்காகக் கூலி வாங்கிக்கொண்டு ஒருவர் பார்க்கிறார். அந்தப் பார்வையின் பலன் யாருக்கு? அதில் பிழை நேர்ந்தால் அது யாருடையது?

இது புதிய கேள்வி போலத் தோன்றினாலும், கூலிக்கு அமர்த்திய ஆளைக் கொண்டு செய்யும் புனிதக் காரியத்தைப் பற்றி இந்திய மரபு மிகப் பழைய காலத்திலேயே தீவிரமாக யோசித்திருக்கிறது. வேத வேள்வியை யஜமானன் தன் கையால் செய்வதில்லை. ரித்விக்குகள் என்ற வேள்விக் குருக்களை அமர்த்திச் செய்விக்கிறான். சோம யாகத்துக்குப் பதினாறு பேர். வேள்வி விதிகளை ஆராயும் ஜைமினியின் மீமாம்சை இதைத் தயக்கமில்லாமல் கூலி என்ற கணக்கிலேயே வைக்கிறது: தட்சிணை என்பது தானம் இல்லை, அவர்கள் உழைப்பைப் பெறுவதற்குக் கொடுக்கும் விலை. பொருளைத் தேவதைக்கென்று துறக்கிற அந்த ஒரு செயலை மட்டும் யஜமானனே செய்தாக வேண்டும். மற்றதை எல்லாம் அமர்த்தப்பட்டவர்கள் செய்யலாம், பலன் யஜமானனுக்கே. நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமான ஒருவரும் அந்தப் பதினாறு பேருக்குள் இருக்கிறார். பிரம்மா என்ற பெயருள்ள ரித்விக் ஓதுவதும் இல்லை, நெய் ஊற்றுவதும் இல்லை. மௌனமாக உட்கார்ந்து சடங்கு முழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பதும், எங்காவது பிசகினால் அதற்குப் பரிகாரம் செய்வதும் அவர் வேலை. அவர் மனத்தால் வேள்வி செய்கிறார், நடுவில் வாய் திறந்தால் வேள்வியே ஊனப்படும் என்று சாந்தோக்கிய உபநிடதம் சொல்கிறது. பார்ப்பதற்கென்றே ஒருவரைக் கூலி கொடுத்து அமர்த்தலாம், அந்தப் பார்வை சடங்கின் உறுப்பாகவே இருக்கும் என்பதை அந்த மரபு ஏற்றுக்கொண்டிருந்தது.

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலைக்குப் போனால் காரியம் அமர்த்தியவருக்கே உரியது என்ற அதே எண்ணம் கல்லில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தீர்த்தங்கரர் உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் பெயர்கள். இன்னார் செய்வித்த திருமேனி என்கின்றன அவை. செய்வித்தவரின் பெயர் நின்றுவிட்டது. உளியைப் பிடித்த கையின் பெயர் அங்கே இல்லை. இன்றைய சட்டமும் ஏறக்குறைய அதே வழியில் போகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும், வேறு உடன்பாடு இல்லாதவரை, கேட்டவரே முதல் உரிமையாளர். கேமராமேனுக்கு அன்றைய தொகை, படம் அமர்த்தியவருடையது.

இதற்கு எழும் முதல் மறுப்பு பக்தி இலக்கியத்தில் ஊறிய மனத்திலிருந்து வருவது. தொண்டு என்றால் கைம்மாறு கருதாதது. காசுக்காகத் தூக்கிய கேமராவில் சாமி எப்படி வருவார் என்று அது கேட்கும். கேட்கிறவர்களின் உணர்வை மதிக்கிறேன், ஆனால் நம் கோயில்களின் வரலாறு அந்தப் பக்கம் நிற்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் திருப்பதியம் பாட அமர்த்திய நாற்பத்தெட்டுப் பேருக்கும், அவர்களுக்கு வாசித்த இருவருக்கும் நாள்தோறும் நெல் அளக்கும்படி கல்லில் எழுதினான். கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் என்று வரையறுத்தான். தேவாரத்தைப் பாடியவருக்கு நெல் அளந்ததால் தேவாரம் மாசுபட்டது என்று யாரும் சொல்லவில்லை. தட்சிணை இல்லாத வேள்வியைக் கீதை தாமசம் என்று ஒதுக்குகிறது. அதாவது குறை கூலி வாங்குவதில் இல்லை, கொடுக்காமல் விடுவதில் இருக்கிறது. விழா ஏற்பாட்டாளர்கள் சிலர் தொகை பேசும்போது, சாமி காரியம்தானே, பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்களே, அதற்கும் மீமாம்சையில் பதில் இருக்கிறது. சத்திரம் என்ற நீண்ட வேள்வியில் தட்சிணை கிடையாது. ஏனென்றால் அதில் பங்கு கொள்கிற அத்தனை பேருமே யஜமானர்கள். பலனும் எல்லாருக்கும் பொது. கூலி இல்லாமல் ஒருவரைக் கூப்பிட வேண்டுமானால் அவரை மண்டகப்படிக்காரராகவே ஆக்க வேண்டும்: பரிவட்டத்திலும் முடிவெடுப்பதிலும் அவருக்கும் பங்கு வேண்டும். உழைப்பை மட்டும் சாமி பெயரால் வாங்கிக்கொண்டு பலனையும் பெயரையும் தனக்கே வைத்துக்கொள்வதற்குப் பக்தி என்று பெயர் வைக்க முடியாது. பேசிய பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

அடுத்த கேள்வி நம்பிக்கை பற்றியது: அழகரைப் படம் எடுக்க வருபவர் அழகரை நம்புகிறவராக இருக்க வேண்டுமா? கோயிலுக்குள் இதற்கு விதிகள் இருக்கின்றன. கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை வைக்கும்படி 2024 ஜனவரியில் பழனி கோயில் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு மீனாட்சி கோயிலுக்குள் கைபேசியே கூடாது என்றாகிவிட்டது. இடத்தின் விதி எதுவோ அதை அமர்த்துபவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் கேள்வி விதி தடுக்காத இடங்களைப் பற்றியது. தல்லாகுளத்து எதிர்சேவை, வைகை மணல், வண்டியூர், கல்யாண மண்டபம். அங்கே கேமராமேனிடம் கேட்க வேண்டியது கவனம் ஒன்றுதான் என்பேன். குதிரை எந்த நொடியில் தண்ணீரில் கால் வைக்கும், வெயில் எந்தப் பக்கம் ஏறும், தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் எங்கே நெருங்குவார்கள் என்று அறிந்து, மூன்று மணி நேரம் கை நடுங்காமல் நிற்பவர் எந்த மதத்தவரானாலும் தன் வேலையை முழுமையாகச் செய்தவர். நம்பிக்கை பலனை அனுபவிப்பவருக்கு வேண்டியது. மனம் வேறெங்கோ இருக்கும் பக்தரின் கேமராவைவிட, நம்பாதவரின் உன்னிப்பான கேமரா பின்வரிசைப் பாட்டிக்கு அழகரைக் காட்டும்.

திரையில் காண்பது தரிசனமே இல்லை, எனவே இந்த விவாதமே தேவையில்லை என்று சொல்பவர்களும் உண்டு. 2020 மே 4 அன்று அவர்களுக்கு மதுரை பதில் சொல்லிவிட்டது. ஊரடங்கில் சில பட்டர்கள் மட்டும் நின்று மீனாட்சி திருக்கல்யாணத்தை நடத்தினார்கள். இணையத்திலும் தொலைக்காட்சியிலும் அது நேரலையாகப் போனது. அந்த நேரத்தில் வழக்கமாகச் சித்திரை வீதிகளில் நின்று புதுத் தாலிக் கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள், அன்று திரையின் முன் உட்கார்ந்து மாற்றிக்கொண்டார்கள். தாலி விஷயத்தில் மதுரைப் பெண்கள் விளையாட்டாக எதையும் செய்துவிட மாட்டார்கள். அவர்களுக்கு அது தரிசனம். அதோடு, உற்சவர் எதற்காக வீதிக்கு வருகிறார் என்பதையும் நினைக்க வேண்டும். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடக்கும் வரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைய முடியாமல் இருந்தவர்களுக்கு, சாமி வெளியே வந்தால்தான் சாமி. உள்ளே வர முடியாதவரிடம் தெய்வம் போகிற ஏற்பாட்டுக்குத்தான் திருவிழா என்று பெயர். படுக்கையில் கிடப்பவரின் கூடம் வரைக்கும் அந்த வீதியை நீட்டுகிறது நேரலை.

இதுவரை மீமாம்சை கை கொடுத்தது. ஒரு இடத்தில் அது போதாது. வேள்வியின் நெய் எரிந்து முடிந்துவிடும். கேமரா எடுத்தது முடிவதில்லை. அழகர் திருவிழாவில் கருப்பசாமி வேடமிட்டுத் திரி ஏந்தி ஆடுபவர்கள், தோல்பையால் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், அருள் வந்து கூந்தல் அவிழ ஆடும் பெண்கள் ஆகிய யாரும் கேமராவை அமர்த்தவில்லை. அவர்கள் சாமிக்கு முன்னால் தம்மை மறந்தவர்கள். அந்த மறதியை நெருங்கிப் படம் பிடித்தால், மறுநாள் அது யார் யாரோ சிரிப்பதற்கான துண்டுக் காட்சியாகக் கைபேசிகளில் சுற்றும். தொகை கொடுத்தவர் எடுக்கச் சொன்னார், நான் எடுத்தேன் என்று கேமராமேன் சொல்லலாமா? இங்கே அதே சமணர் மலையில் உட்கார்ந்து தவம் செய்தவர்களின் கொள்கை கண்டிப்பானது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை ஒட்டும் என்கிறது சமணம். செய்வித்தவர் கூலி கொடுத்துவிட்டதால் செய்தவருடைய வினை கரைவதில்லை. செய்தவர் மேல் பழி போட்டுச் செய்வித்தவரும் தப்ப முடியாது. அதை வாங்கிப் பார்த்து ரசிப்பவரும் உள்ளே வருகிறார். ஆக, பலனை விலைக்கு வாங்கலாம், பொறுப்பை விலைக்கு விற்க முடியாது. ஒருவருடைய கண்ணை ஒரு நாளைக்கு அமர்த்துகிறோம் என்றால், எப்போது கேமராவைத் தாழ்த்துவது என்ற முடிவை அவரிடமே விட்டுத்தான் அமர்த்த முடியும்.

தொழிலில் இருப்பவர்கள் இதற்கு உடனே சொல்லும் பதில் தெரிந்ததுதான். எடிட்டருக்கு ஃபுட்டேஜ் வேண்டும். எடுத்து வைத்துவிட்டால் வேண்டாததைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். இடத்தில் நின்று ஒருவர் தன் மனசாட்சியைக் கேட்டுக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டு அவருக்கு அழைப்பு வராது. கடைசி வாக்கியத்தில் இருக்கும் பயம் உண்மையானது, நாள் சம்பளத்துக்கு வாழும் ஒருவரிடம் மட்டும் துணிச்சலைக் கேட்பது நியாயமில்லை. அதனால்தான் முதல் பொறுப்பை அமர்த்துபவர் மேல் வைக்கிறேன். பிறகு வெட்டலாம் என்ற வாதத்தை மட்டும் ஏற்க மாட்டேன்: கார்டு கை மாறிய பிறகு வெட்டுகிறவர் யார் என்பது எடுத்தவருக்குத் தெரியாது, எடுக்கப்பட்ட பெண்ணுக்கு ஒருபோதும் தெரியாது. பிசகைக் கண்டால் தடுத்துச் சரிசெய்யும் அதிகாரத்தோடுதான் பிரம்மாவைப் பழைய யஜமானர்கள் அமர்த்தினார்கள். அந்த அதிகாரத்துக்காகவே மற்றவர்களைப் போல அவருக்கும் தட்சிணை கொடுத்தார்கள். மதுரையில் ஒரு விழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஆள் தேடுகிறவர், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, எதையெல்லாம் எடுக்க மாட்டீர்கள் என்று கேமராமேனிடம் கேட்க வேண்டும். அருள் வந்தவர்களின் முகத்தை நெருங்கி எடுக்க மாட்டேன் என்று அவர் சொன்னால், பேசிய தொகையில் ஒரு ரூபாய் குறைக்காமல் அவரையே அமர்த்த வேண்டும்.