சுமந்ததன் குற்றமா?

பாரம் தாங்கிய பொருள் முறிந்தால் பழி எவரைச் சாரும்? நமது பழைய வேனின் அடியிற் படுத்திருந்தபோது இவ்வினா எழுந்தது.

கியர் மாற்றுந்தோறும் வண்டி குலுங்கிற்று. கியர்ப்பெட்டியைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் மட்டமான சரக்கென்று விற்ற கடைக்காரரை ஏசினோம். கிளச்சும் தேய்ந்திருந்தமையால் பெட்டியையே இறக்க நேர்ந்தது. பட்டறைக் கூலிக்கு அஞ்சி வீட்டு முற்றத்திலேயே தொடங்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியிற் புகுதல் தற்கொலைக்கு ஒப்பாதலின், இரும்புத் தாங்கிகளை நிறுத்தினோம். பாட்டரிக் கம்பியைக் கழற்றி, எண்ணெயை வடித்து, பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டை நீக்கி, எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்து, பெட்டியை மற்றொரு ஜாக்கியில் ஏந்தி மெல்ல இறக்கினோம். (இறக்குதல் எளிது, ஏற்றுதலே பொறுமையை அளப்பது.)

மவுண்டிங் என்பது இரும்புத் தகடுகளோடு ஒட்டிய ரப்பர்த் துண்டே. அது உப்பிக் குழைந்து கிழிந்திருந்தது. காரணம் யாதெனின், பெட்டியின் பின்முனைச் சீல் தேய்ந்து, எண்ணெய் மாதக்கணக்காக அதன்மேற் கசிந்திருக்கிறது. இயற்கை ரப்பர் அதிர்வை விழுங்கும், எண்ணெயைத் தாங்காது. முற்றத்துச் சிமெண்டுத் தரையில் அக்கறையை நாள்தோறும் கண்டும் வாளாவிருந்தவர் நாம். ஏசியதோ ரப்பரை!

1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளிலிருந்து மலாயாவில் ரப்பர் பெருகிற்று. அதற்குப் பால் வெட்டியவன் காய்ச்சலிற் சாய்ந்தபோது, லயத்தருகே கொசு மொய்த்த தேங்குநீரை அகற்றாமல், அவனைச் சோம்பேறியென்று பழித்த துரைமாரும் இருந்தனர். அவர்க்கும் நமக்கும் வேற்றுமை யாது?

சீலை முதலில் மாற்றினோம். புதிய மவுண்டிங்கைப் பின்னரே பூட்டினோம். கடைக்காரரிடம் சென்று சொல்லவேண்டியது மட்டும் இன்னும் பாக்கியிருக்கிறது.