சாதனமும் சாதனையும்

மட்டமான கருவியைக் கொண்டு ஒருவன் ஒரு காரியத்தைச் செய்து முடித்தால், அந்தக் காரியத்தின் மதிப்பு அதனால் கூடுகிறதா? இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ‘பாவம், நல்ல கருவி இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பான்’ என்ற இரக்கம் ஒன்று. ‘இதை வைத்துக்கொண்டே இவ்வளவு செய்துவிட்டானே’ என்ற வியப்பு மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. இரண்டுமே காரியத்தை விட்டுவிட்டுக் கருவியைப் பார்க்கின்றன. இதை நான் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தை வைத்து யோசிக்க விரும்புகிறேன். நேரடியாக இலக்கியத்தில் தொடங்கினால் நம்முடைய சொந்தக் காயங்கள் குறுக்கே வந்துவிடும்.

‘ப்ரெவே’ என்று பெயர் கொண்ட ஓட்டங்கள் இருக்கின்றன. 1904இல் தோன்றிய ஆடாக்ஸ் கிளப் பாரிஸியன் என்ற பிரெஞ்சுச் சங்கத்தின் விதிகளின்படி பல நாடுகளில் நடப்பவை. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டொனர்ஸ் என்ற அமைப்பு இவற்றை நடத்துகிறது. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள், 300ஐ 20 மணிக்குள், 400ஐ 27 மணிக்குள், 600ஐ 40 மணிக்குள் கடக்க வேண்டும். வழியில் குறிக்கப்பட்ட இடங்களைத் தொட்டதற்கு அத்தாட்சி வேண்டும். பின்னால் காரில் ஆள் வந்து உதவுவது கூடாது. சாப்பிடுவது, பஞ்சர் ஒட்டுவது, தூங்குவது எல்லாம் அந்த நேரக் கணக்கிலேயே சேரும். இது பந்தயமல்ல என்று விதியே சொல்கிறது. முதல், இரண்டாம் என்ற இடங்கள் கிடையாது. நம் கேள்விக்கு முக்கியமான விஷயம், வண்டி என்ன ஜாதி என்று விதி கேட்பதில்லை என்பது. மனித பலத்தில் ஓட வேண்டும், இரவில் விளக்கு எரிய வேண்டும், அவ்வளவே.

இம்மாதிரி ஓட்டங்கள் சிலவற்றில் நானும் கலந்துகொண்டிருக்கிறேன். என்னிடமிருப்பது வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேலான ஒரு மவுண்டன் பைக். தர்மபுரியில் இதைக் கியர் சைக்கிள் என்றே சொல்கிறார்கள். கல்லும் மண்ணுமான மலைப்பாதைக்காகச் செய்த வண்டி, மலையை ஒருநாளும் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஓடுகிறது. டயர் பட்டையானது, அதன் முள் போன்ற கட்டைகள் தார் ரோட்டில் ஓயாமல் முனகும். முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இருப்பதால் எழுந்து நின்று மிதித்தால் மிதிப்பில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். நேரான ஹேண்டில்பாரைப் பிடித்து நிமிர்ந்து உட்காருவதால் எதிர்க்காற்று மார்பில் அடிக்கும். பக்கத்தில் ஒருவர் மெல்லிய டயர் போட்ட ரோடு பைக்கில், என் வண்டியைவிட ஐந்து கிலோவாவது குறைந்த எடையில், சத்தமில்லாமல் கடந்து போவார். போகும்போது ஒரு பார்வை பார்ப்பார். நான் மேலே சொன்ன இரண்டு பதில்களும் அந்தப் பார்வையில் கலந்திருக்கும்.

ஆனால் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்ற அந்தக் கீழ்வரம்பை யோசித்துப் பார்க்க வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. அதை வெல்லும் சக்தி முப்படியாக ஏறுகிறது. பதினைந்தில் போகிறவன் முப்பதுக்குப் போக வேண்டுமானால் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு கொடுக்க வேண்டும். குனிந்த ஆசனமும் விலை உயர்ந்த சக்கரமும் தங்கள் முழு மதிப்பைக் காட்டுவது அந்த வேகத்தில்தான். பதினைந்தில் அவற்றின் அனுகூலம் சுருங்கிவிடுகிறது. ஏற்றத்திலோ, ஆளும் வண்டியும் சேர்ந்த எண்பது கிலோவில் ஐந்து கிலோ வித்தியாசம் பெரிதல்ல. மவுண்டன் பைக்கின் சிறிய பல்சக்கரம் அங்கே உதவியாகவும் இருக்கிறது. எல்லோருக்கும் எட்டும்படி வரம்பைத் தாழ்த்தி வைத்ததில் ஒரு சமத்துவம் கிடைத்துவிடுகிறது. ஒப்பீடு இல்லாத இடத்தில், அதுவும் மெதுவான இடத்தில்தான் அது கிடைக்கிறது.

இந்தச் சமத்துவம் பூரணமானதல்ல. 600 கிலோமீட்டரைச் சராசரி இருபத்தைந்தில் ஓட்டுகிறவருக்கு இருபத்து நாலு மணி நேரம் ஆகும். மீதிப் பதினாறு மணியில் அவர் குளித்து, சாப்பிட்டு, ஓர் இரவு முழுக்கத் தூங்கலாம். பதினெட்டில் ஓட்டுகிறவனுக்கு மிஞ்சுவது ஆறு மணி நாற்பது நிமிஷம். பஞ்சரும் சாப்பாடும் போகத் தூக்கமென்று ஒன்றிரண்டு மணி தேறினால் அதிகம். இருவர் அட்டையிலும் விழும் முத்திரை ஒன்றுதான். ஒருவர் பணமாகக் கொடுத்ததை மற்றவன் தூக்கமாகக் கொடுத்திருக்கிறான்.

வியப்பாளர்கள் இங்கேதான் உள்ளே வருகிறார்கள். அதிக விலை கொடுத்தவனின் முத்திரைக்கு அதிக மதிப்பு உண்டு என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903இல் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ஜ், வேகம் மாற்றும் கியர்கள் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கே உரியவை என்று அதற்கு முந்தைய வருஷம் எழுதினார். அதே காலத்தில் செயிந்த் எத்தியென் நகரத்துப் பத்திரிகையாளர் போல் தெ விவி, ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில், சாதாரண மனிதன் மலை ஏறுவதற்குக் கியர் வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். டூரில் கியர் மாற்றி அனுமதிக்கப்பட்டது 1937இல்தான். சைக்கிள் தாழ்ந்திருந்தால் மனிதன் உயர்ந்து தெரிவான் என்பது தெக்ராஞ்ஜின் கொள்கை. பார்க்க உன்னதமானது. ஆனால் டூரில் மிதித்தவர் அவரல்ல. அவர் பத்திரிகை விற்றவர். பிறர் படும் கஷ்டத்துக்கு மதிப்பு ஏற்றுகிறவன் பெரும்பாலும் அந்தக் கஷ்டத்துக்கு வெளியே நிற்கிறான்.

நம் பக்கத்திலும் இதற்கு ஆதாரம் காட்டலாம் என்று தோன்றும். தர்மபுரி பழைய தகடூர், அதியமானின் ஊர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஒளவை, அவன் ஆயுதங்கள் பூச்சூடி நெய் பூசிக் காவலில் அழகாக இருப்பதையும், அதியமானின் ஆயுதங்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் சொல்லும் புறநானூற்றுப் பாட்டு (95) எல்லோரும் அறிந்தது. பழைய கருவியின் மகிமைக்கு இதைச் சாட்சியாக அழைப்பது தவறான வாசிப்பு. முறிந்த வேலை ஒளவை புகழவில்லை. முறிவு அவளுக்கு உபயோகத்தின் தடயம் மட்டுமே. மேலும், அந்த வேல்கள் இருப்பது பட்டறையில், செப்பனிடப்படுவதற்காக. முறிந்த வேலோடு அதியமான் போருக்குப் போனான் என்று எங்கும் இல்லை.

செப்பனிடுவது பற்றி இந்த மாவட்டத்திலேயே ஒரு இடம் பாடம் சொல்லும். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, தொப்பூர்க் கணவாயில் வளைந்து இறங்குகிறது. பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னே போகும் வண்டிகள்மேல் ஏறிய விபத்துகள் அங்கே பல. அந்த இறக்கத்தில் தேய்ந்த பிரேக் கட்டையோடு போகிறவனைப் பழமையின் அழகுக்காக யாரும் போற்ற முடியாது. பழைய வண்டி என்பது வேறு, பராமரிக்காத வண்டி என்பது வேறு. முதலாவது ஒரு நிலைமை. இரண்டாவது அசிரத்தை, சமயத்தில் பிறர் உயிருக்கும் ஆபத்து. கஷ்டத்தை வழிபடுகிறவனுக்கு இந்த வேறுபாடு மங்கிவிடுகிறது.

இன்னொன்று. அதிகாலையில் பாலக்கோடு சாலையில் மாட்டுக்குப் புல்லுக்கட்டை ஏற்றிக்கொண்டு, கியர் இல்லாத கனத்த சைக்கிளை ஏற்றத்தில் தள்ளிப் போகிற பெரியவரைப் பார்க்கிறேன். அவர் அட்டையில் யாரும் முத்திரை குத்துவதில்லை. அவரிடம் போய், ‘ஐயா, இந்த வண்டியில் நீங்கள் போவது எவ்வளவு பெரிய விஷயம்’ என்று சொன்னால் என்ன நினைப்பார்? ஒரு மொபெட் இருந்தால் தேவலை என்பார். நல்ல வண்டியை வீட்டில் வைத்துவிட்டுப் பழையதை வேண்டுமென்றே எடுத்து வருகிறவர் அவருடைய நிலைமையை வேஷமாகப் போட்டுக்கொள்கிறார். இருக்கிற ஒரே வண்டியில் வருகிறவன் வேஷம் போடவில்லை. அதனாலேயே அவனுக்குத் தனி மரியாதையும் தேவையில்லை. பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளில் ஒரு பையன் வந்து, 200ஐ 13½ மணிக்குள் முடித்தால், அவனுக்கு உரியது மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே அட்டைதான். கூடக் கைதட்டுவது அவனை வரிசையிலிருந்து பிரித்து நிறுத்துவதாகும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். கருவி மனிதனுக்கும் அவன் காரியத்துக்கும் இடையிலுள்ள அந்தரங்கம். எந்த இடத்தில் அது முனகும், எங்கே காலை வாரும், அதற்காக எவ்வளவு முன்னதாகப் புறப்பட வேண்டும் என்பதெல்லாம் அவன் அறிய வேண்டியவை. முடிவில் நிற்கும் அளவுகோல் அவற்றைக் கேட்கக் கூடாது. கேட்காமலிருப்பதில் ஒரு குரூரம் உண்டு. தூக்கமில்லாத இரவு கணக்கில் வராமல் போகிறது. கேட்கத் தொடங்கினாலோ இரக்கமும் வியப்பும் உள்ளே வந்துவிடுகின்றன, காரியம் மறைந்துபோகிறது. இரண்டில் நான் முந்தியதையே ஏற்பேன்.

சிற்றிதழ்க்காரர்களான நமக்கு இது கசக்கும். மனைவியின் வளையலை அடகு வைத்து அச்சிட்ட தொகுதி, நாலு இதழோடு நின்ற பத்திரிகை, வேலைக்குப் போய்வந்து நள்ளிரவில் எழுதிய கவிதை என்று விலைப்பட்டியலை முன்னுரையிலேயே கொடுத்துவிடுகிறோம். விலை உண்மையானதுதான், நகை அடகுக் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது தெரியும். ஆனால் விமர்சகன் கையில் இருக்க வேண்டியது கடிகாரமும் அட்டையும் மட்டுமே. கவிதை வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். எந்த வண்டியில் வந்தது என்பதைக் கவிஞன் சொல்லாமல் இருக்கலாம். சொன்னாலும் நாம் கேட்டுக்கொண்டு, அட்டையைத் திரும்பப் பார்க்கலாம்.