இரண்டு நீலச் சட்டைகள்

சென்னையின் எஃப்சிக்கும் நீலச் சட்டை, இந்தியக் கால்பந்து அணிக்கும் நீலச் சட்டை. ஒரே கொடியில் காயப்போட்டால் தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். போட்டுப் பழகியவருக்கு அப்படி இல்லை. கிளப் தோற்றால் ஒரு வாரத்தில் அடுத்த ஆட்டம் வந்துவிடும். மனதை ஆற்றிக்கொள்ள அது போதும். தேசிய அணி தோற்றால் அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு மாதம் ஆகும், சில சமயம் நான்கு மாதம். அதுவரை அந்தத் தோல்வி நம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

2019 ஜனவரி 14, ஷார்ஜா. ஆசியக் கோப்பையில் பஹ்ரைனோடு டிரா செய்தால் போதும், இந்தியா அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். தொண்ணூறு நிமிடம் தாங்கிப் பிடித்தார்கள். நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் முதல் நிமிடத்தில் பெனால்டி. ஜமால் ராஷித் அடித்தார், முடிந்தது. அந்த உதையை நான் கோடைக்காலம் வரை சுமந்துகொண்டிருந்தேன்.

*

அதே ஜனவரியின் இன்னொரு பக்கம்.

6ஆம் தேதி அபுதாபியில் தாய்லாந்தை இந்தியா 4-1 என்று வென்றது. ஆசியக் கோப்பையில் 1964க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி. முதல் இரண்டு கோலும் சுனில் சேத்ரியுடையவை. மூன்றாவது அனிருத் தாப்பா, நான்காவது ஜெஜே லால்பெக்லுவா. தாப்பாவும் ஜெஜேவும் எங்கள் ஆட்கள், பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள். ஒருவர் டேராடூன் பையன், இன்னொருவர் மிசோரம்காரர். இருவரையும் சென்னை தன் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் கிளப் எங்கே இருந்தது? இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) புள்ளிப் பட்டியலின் அடியில். முந்தைய ஆண்டின் சாம்பியன், இந்த ஆண்டு கடைசி. பருவம் முடிந்தபோது 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 புள்ளி. சென்னையில் கோலடிக்கத் தடுமாறிய அதே ஜெஜே, அபுதாபியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிப் பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டார். ஒரு சட்டையில் குனிந்துபோன தோள் இன்னொரு சட்டையில் நிமிர்ந்ததைப் பார்த்தேன். என்ன காரணம் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஆட்டக்காரருக்கும் ஓய்வு வேண்டும், தன் தோல்வியில் இருந்தே கொஞ்சம் விலகி நிற்க ஓர் இடம் வேண்டும் என்று மட்டும்தான் தோன்றுகிறது. ரசிகருக்கும் அப்படித்தான். அந்த மாதம் எனக்கு இந்திய அணி அடைக்கலம் கொடுத்தது, எட்டு நாளுக்கு.

*

2018 மார்ச் 13, சென்னை. எஃப்சி கோவாவுடன் ஐஎஸ்எல் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டம் கோவாவில் 1-1.

26ஆம் நிமிடம் ஜெஜே தலையால் முட்டி முதல் கோல். மூன்று நிமிடத்தில் இரண்டாவது, அடித்தவர் தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். வியாசர்பாடியில் இருந்து பேசின் பாலத்தைத் தாண்டினால் பெரியமேடு, அவ்வளவுதான் தூரம். ஆனால் அந்தத் தூரத்தைக் கடந்து அந்தப் புல்லில் நீலச் சட்டையோடு நிற்க ஒரு பையன் எத்தனை மைதானங்களில் வெறுங்காலோடு ஓடியிருக்க வேண்டும் என்று வடசென்னையில் எல்லோருக்கும் தெரியும். அவர் கோலடித்தபோது ஸ்டேடியத்தில் எழுந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. வெளிநாட்டு வீரர் கோலடித்தால் ஆரவாரம் வரும். கணேஷ் அடித்தபோது வந்தது, நம் தெருப் பிள்ளை பரீட்சையில் முதலாவது வந்தால் எழும் சத்தம். கடைசி நிமிடத்தில் ஜெஜே இன்னொன்று போட்டார். 3-0. மூன்று கோலும் இந்தியக் கால்களில் இருந்தும் இந்தியத் தலைகளில் இருந்தும் வந்தவை.

நான்கு நாள் கழித்து பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்சியோடு ஃபைனல். ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி நமக்கு எதிராகக் கோலடித்தார். தேசிய அணியில் நாம் கொண்டாடும் மனிதர் கிளப் ஆட்டத்தில் எதிரே நிற்கும்போது அவரை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தக் கோலை நான் வெறுத்தேன், தாவி முட்டிய அழகை வெறுக்க முடியவில்லை. பிறகு மைல்சன் ஆல்வெஸ் கார்னரில் இருந்து வந்த பந்துகளை இரண்டு முறை தலையால் முட்டினார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். 3-2. இரண்டாவது முறை சாம்பியன்.

மைல்சனும் அகஸ்டோவும் பிரேசில்காரர்கள். கோப்பை அவர்களால் வந்தது, அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அந்த ஆண்டை நினைத்தால் முதலில் மனதுக்கு வருவது கணேஷின் கோல்.

அடுத்த பருவம் முழங்கால் காயத்தால் கணேஷ் ஆடவே இல்லை. கொஞ்ச காலத்தில் ஜெஜேவுக்கும் முழங்கால் போனது. இந்தியாவுக்காக இருபதுக்கு மேல் கோலடித்தவர், பழைய வேகத்தோடு திரும்பவே இல்லை. 2023இல் மிசோரம் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று செய்தி வந்தது. மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்த அரையிறுதி இரவைப் பார்த்தவர்களுக்கு அவர் எங்கள் ஸ்ட்ரைக்கர்தான்.

*

2015 டிசம்பர் வெள்ளம். சென்னை தண்ணீரில் நின்றதால் அரையிறுதியின் முதல் ஆட்டத்தை இங்கே நடத்த முடியவில்லை, புனேவுக்குக் கொண்டுபோனார்கள். கொல்கத்தாவை அங்கே 3-0 என்று வென்றோம். கரண்ட் இல்லாத வீடுகளில் அன்று பலருக்கு முடிவு மறுநாள்தான் தெரிந்தது. ஃபைனல் 20ஆம் தேதி கோவாவில். 87ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. தொண்ணூறாவது நிமிடத்தில் அவர்கள் கோல்கீப்பர் மேல் பட்டு ஒன்று உள்ளே போனது, அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் ஸ்டீவன் மெண்டோசா வெற்றி கோலை அடித்தார். சேற்றை வழித்துக்கொண்டிருந்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

*

இனி என்னை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஐஎஸ்எல் 2014இல் தொடங்கியது. 2024-25 வரை 11 பருவங்கள். ஒவ்வொரு பருவத்திலும் அதிக கோலடித்தவருக்குத் தங்கக் காலணி கொடுக்கிறார்கள். ஒருமுறை கூட அது இந்தியருக்குக் கிடைத்ததில்லை. பதினொன்றில் மூன்று முறை அதை வாங்கியவர்கள் எங்கள் கிளப்காரர்கள்: 2014இல் பிரேசிலின் எலானோ, 2015இல் கொலம்பியாவின் மெண்டோசா, 2019-20இல் லித்துவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ். மூவருக்கும் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன்.

லீக் தொடங்கியபோது பதினொருவரில் ஆறு பேர் வெளிநாட்டவராக இருக்கலாம். 2017-18இல் அது ஐந்தானது, 2021-22இல் நான்கு. எண்ணிக்கை குறைந்ததே தவிர அவர்கள் நிற்கும் இடம் மாறவில்லை. எந்தக் கிளப்பும் விலை கொடுத்து வாங்கிய வீரரை முதுகெலும்பில்தான் வைக்கும்: நடுத் தடுப்பாளர், நடுவில் ஆட்டத்தைக் கட்டுபவர், முன்னால் கோலடிப்பவர். மிச்சம் இருக்கும் ஓரங்கள் இந்தியப் பையன்களுக்கு. அதனால் நமக்கு நல்ல விங்கர்கள் இருக்கிறார்கள். லாலியன்சுவாலா சாங்தே ஓடினால் ஆசியாவில் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நடுவில் நின்று பந்தை வாங்கி, முதுகில் தடுப்பாளரைச் சுமந்து, திரும்பி அடிக்கும் ஆள் மட்டும் இல்லை. சேத்ரியே பெங்களூருவில் பல ஆட்டங்கள் இடது ஓரத்தில்தான் ஆடினார், நடுவில் வெனிசுவேலாவின் மிக்கு நின்றதால்.

2024 ஜூன் 6 அன்று குவைத்துடனான ஆட்டத்தோடு சேத்ரி தேசிய அணியில் இருந்து விடைபெற்றார், 94 கோல்களோடு. அடுத்த மார்ச் மாதமே அவரைத் திரும்ப அழைத்தார்கள். வயது 40. அழைத்ததில் தவறு இல்லை. அந்தப் பருவம் ஐஎஸ்எல்லில் 14 கோல் அடித்து இந்தியர்களில் முதலிடத்தில் இருந்தவர் அவர்தான். மாலத்தீவு ஆட்டத்தில் கோலும் அடித்தார். அந்தக் கோலைப் பார்த்து எனக்கு வந்தது பாதி மகிழ்ச்சி, பாதி பயம். நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கும் நாட்டில் அவருக்குப் பின்னால் நிற்க ஒருவர் வளரவில்லை. வளர வேண்டிய இடத்தில் எங்கள் கிளப் ஒரு லித்துவேனியரை நிறுத்தியிருந்தது, நாங்கள் கைதட்டினோம்.

*

கோலடிக்கும் ஆள் நம் ஊரில் இருந்தும் வந்திருக்கிறார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவிடம் இந்தியா 3-1 என்று தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் சைமன் சுந்தரராஜ், தமிழ்நாட்டுக்காரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் அது. அதற்குப் பிறகு இந்திய அணி அங்கே போகவே இல்லை. அவர்தான் பயிற்சியாளராக இருந்து 1973இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். மலையாளிகள் அவர் பெயரை நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும்?

*

கோயம்புத்தூர், 2019 மார்ச் 9. சென்னை சிட்டி எஃப்சி, நாட்டின் இன்னொரு லீக்கான ஐ-லீக்கின் கடைசி நாளில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று பட்டம் வாங்கியது. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டுக் கிளப். சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியாளர், கூடவே ஒரு கூட்டம் தமிழ்ப் பையன்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்தக் கிளப் தேசிய லீக்கில் இல்லை.

கிளப் போனால் சட்டை மட்டும் போவதில்லை. ஒரு மாவட்டத்தில் பந்து உதைக்கும் பையன் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்த படிக்கட்டு போகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரக் கிராமத்தில் இருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் ஏறியது சென்னை சிட்டி வழியாகத்தான். அங்கிருந்து ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் போனார், இந்திய அணியிலும் ஆடினார். 2020 மார்ச் 14 அன்று ஆளில்லாத ஃபதோர்டா ஸ்டேடியத்தில் கொல்கத்தாவின் ஏடிகே எங்களை 3-1 என்று தோற்கடித்துக் கோப்பை வாங்கியபோது சூசைராஜ் அந்தப் பக்கம் இருந்தார். கொரோனாவால் ரசிகர்களை உள்ளே விடவில்லை. டிவியில் பந்து உதைபடும் சத்தம் தனியாகக் கேட்டது. தோல்வியின் நடுவிலும் நம் பையன் கையில் கோப்பை இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

*

2024 ஜூன் 11, தோஹா. கத்தாருக்கு எதிராக இந்தியா 1-0 என்று முன்னணியில். 73ஆம் நிமிடத்தில் பந்து கோடு தாண்டி வெளியே போனது, உள்ளே இழுத்துக் கோலாக்கினார்கள், நடுவர் கொடுத்துவிட்டார். வீடியோ உதவி அந்தச் சுற்றில் கிடையாது. 2-1 என்று தோற்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இருந்து வெளியேறினோம். ஊரெல்லாம் அந்தக் கோலைப் பற்றியே பேசியது. எனக்கும் கோபம்தான். ஆனால் இரண்டரை மாதம் முன்னால் கௌஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 2-1 என்று தோற்றோமே, அங்கேதான் வெளியேறினோம். கத்தார் நம்மிடம் பறித்தது ஓர் இரவைத்தான்.

2025 வந்தது. லீக் நடத்தும் உரிமை ஒப்பந்தம் முடியப் போவதால் ஐஎஸ்எல் நிறுத்தி வைக்கப்பட்டது. எங்கள் கிளப்பும் வேலைகளை நிறுத்தியது. செப்டம்பர் போனது, அக்டோபர் வந்தது, ஸ்டேடியத்தில் புல் மட்டும் வளர்ந்தது. அந்த அக்டோபர் 14 அன்று மார்காவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பை இந்தியா இழந்தது. லீக் ஆட்டம் இல்லாத கால்கள் எதைச் செய்யும்? அன்றுதான் எனக்கு முழுதாக உறைத்தது. கிளப் தூங்கினால் நாடு ஓட முடியாது. ஒரு சட்டையில் தோற்று இன்னொரு சட்டையில் ஒளிந்துகொள்ளும் வசதி அந்த ஆண்டு ரசிகர்களுக்கும் இல்லாமல் போனது.

*

ஆகவே என் கிளப்பிடம் ஒன்று கேட்கிறேன். இர்ஃபான் யத்வாட்டுக்கு முன்களத்தில் இடம் கொடுத்தீர்கள். அவர் இந்திய அணி வரை போனார். அதை ஒரு வழக்கமாக்குங்கள். ஒவ்வொரு பருவமும் ஒன்பதாம் நம்பர் சட்டையை ஓர் இந்தியப் பையனுக்கு, முடிந்தால் வியாசர்பாடியில் இருந்தோ குமரிக் கடற்கரையில் இருந்தோ வரும் பையனுக்குக் கொடுங்கள். பத்து ஆட்டம் கோலடிக்காவிட்டாலும் அவனை வெளியே உட்கார வைக்காதீர்கள். தங்கக் காலணி வேண்டாம். ஒரு பருவம் கடைசி இடத்துக்குப் போனாலும் நாங்கள் வருவோம். 2018-19இல் வந்தோம்.