யாருடைய வீடு?

நண்பர் குன்னூரில் வீடு வாங்கப்போகிறார். முதல் வீடு. ‘ஜன்னலைத் திறந்தா தேயிலைத் தோட்டம் தெரியணும் சார்!’ என்கிறார். தப்பில்லை.

அந்தப் பச்சைக்குள் லயங்கள் இருக்கின்றன. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தரத்தான் நீலகிரியில் ‘டான்டீ’ தோட்டங்களை அரசு அமைத்தது. ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர் வேறு! வேலையோடு லயத்தில் ஒரு வீடு. பிள்ளைகள் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். ஆனால், ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும் என்பது விதி. எங்கே போவார்கள்? இலங்கையில் விட்டுவந்ததும் தோட்டத்து லயம்தானே!

நண்பர் இருபது வருஷம் தவணை கட்டினால் வீடு அவருக்கு. நாற்பது வருஷம் கொழுந்து பறித்தது எந்தக் கணக்கில் சேரும்? கேட்டேன்.

‘அது வேற, இது வேற சார்’ என்றார். எப்படி வேறு என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை.