விலை கொடுத்து மீட்ட விடுதலை

சிறைப்பட்டவரை மீட்பது யூத மரபில் தலையாய கடமை. ஆனால் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா அதற்கு ஒரு வரம்பு வைக்கிறது: கைதியின் மதிப்புக்கு மேல் விலை கொடுக்கக் கூடாது. இதற்கு, மிஷ்னாவை விளக்கும் தால்மூத் இரண்டு காரணங்களை அலசுகிறது. சமூகத்தின் பொதுப்பணம் கரைந்துவிடும் என்பது ஒன்று. பிடிப்பவனுக்கு ஆசை கூடிவிடும் என்பது மற்றொன்று. 1286இல் சிறைவைக்கப்பட்ட ரோத்தன்பர்க் ரபி மேயர், தமக்காகப் பணம் கட்ட வேண்டாமெனத் தடுத்ததாக மரபு சொல்கிறது. 1293இல் அவர் சிறையிலேயே இறந்தார்.

பனிப்போர்க் காலத்தில் இதே சிக்கல் இரண்டு அரசுகளுக்கு இடையே வந்தது. 1963 முதல் 1989 வரை கிழக்கு ஜெர்மனியின் அரசியல் கைதிகள் சுமார் 33,000 பேரை மேற்கு ஜெர்மனி மீட்டது. முதலில் ரொக்கம், பிறகு புராட்டஸ்டன்ட் திருச்சபையின் தொண்டு அமைப்பு வழியாகக் காபி, செம்பு, எண்ணெய் எனச் சரக்காகப் போனது. மொத்தச் செலவு 300 கோடி மார்க்கைத் தாண்டியது. தலைக்குச் சுமார் 40,000 மார்க்காக இருந்த விலை 1977இல் 95,847 ஆனது.

மனிதருக்கு விலை கிடையாது, கண்ணியமே உண்டு என்ற தத்துவவாதி கான்ட்டின் வாதப்படி இந்தப் பேரம் இழிவானது. ஆனால் அந்த இழிவு விலை கேட்டவரைச் சேருமே தவிர, கொடுத்தவரை அல்ல. வலுவான ஆட்சேபம் தால்மூத் சொன்ன இரண்டாவதுதான்: பணம் வரும் என்பதற்காகவே ஆட்களைப் பிடித்தார்களா? வரலாற்றாசிரியர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. மேற்கு ஜெர்மனி அரசு பேரத்தை ரகசியமாக நடத்தியதால், இந்தக் கேள்வியை அன்று வெளிப்படையாக விவாதிக்கவும் வழியில்லாமல் போனது.