உலகம் சமைக்கும் கணக்கு

சீடன்: கதைக்காகப் புதிதாய் ஓர் உலகத்தைப் படைக்கிறவர் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்? நிலத்தையா, அங்கு வாழ்பவர்களையா?

குரு: இரண்டையும் அல்ல, விண்மீனை. விண்மீனின் நிறை தெரிந்துவிட்டால் அதன் ஒளிர்வும் வெப்பநிலையும் ஆயுளும் ஏறக்குறையத் தாமாகவே வந்து சேரும். சூரியனைப் போலப் பத்து மடங்கு நிறையுள்ள விண்மீன் ஆயிரக்கணக்கான மடங்கு ஒளிர்ந்து, சில கோடி ஆண்டுகளில் தீர்ந்துபோகும். அதைச் சுற்றும் கோளில் தொன்மையான நாகரிகம் எதையும் குடியேற்ற முடியாது. பூமியில் ஒற்றைச் செல் உயிர் தோன்றவே அதைவிடப் பல மடங்கு காலம் பிடித்தது.

சீடன்: ஒரு கதாசிரியர் சிவந்த சூரியன், 400 நாள் கொண்ட ஆண்டு, வானில் இரண்டு நிலா என்று முடிவு செய்துகொண்டு எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

குரு: ஆண்டும் நிலாக்களும் போய்விடும். சூரியனின் சிவப்பும் அவர் நினைத்த சிவப்பாக இராது. சூரிய நிறையில் பத்தில் மூன்று பங்குள்ள சிவப்புக் குள்ள விண்மீனை எடுத்துக்கொள். அதன் ஒளிர்வு சூரியனுடையதில் சுமார் நூறில் ஒரு பங்கு. தூரம் கூடக் கூட வெப்பம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், பூமி பெறும் அளவு வெப்பத்தை ஒரு கோள் அங்கே பெற வேண்டுமானால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கில், அதாவது ஒன்றரைக் கோடி கிலோமீட்டரில் அது சுற்ற வேண்டும். அந்தத் தூரத்தையும் விண்மீனின் நிறையையும் கெப்ளரின் மூன்றாம் விதியில் இட்டால் ஆண்டின் நீளம் கிடைக்கும்: 21 நாள். 400 நாள் ஆண்டு வேண்டுமென்று கோளைத் தள்ளி வைத்தால் அங்கே கடல் உறைந்துவிடும்.

சீடன்: நிறத்தில் என்ன சிக்கல்?

குரு: அந்த விண்மீனின் மேற்பரப்பு சுமார் 3,400 கெல்வின். பழைய குண்டு பல்பின் இழையே அதைவிடக் குளிர்ந்தது, அதன் வெளிச்சத்தை யாரும் இரத்தச் சிவப்பு என்று சொன்னதில்லை. அந்த வானில் தெரிவது நம் சூரியனைவிட மூன்று மடங்கு அகலமான, இளமஞ்சள் சாயும் வட்டு.

சீடன்: நிலாக்கள்?

குரு: ஒரு கோள் தன் நிலாவைப் பிடித்து வைத்திருக்கக்கூடிய எல்லை, அது சுற்றும் விண்மீன் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பூமிக்கு அந்த எல்லை 15 லட்சம் கிலோமீட்டர். இந்தக் கோளுக்கு, பூமியின் நிறையே இருந்தாலும், ஏறத்தாழ 2,20,000 கிலோமீட்டர்தான். நம் நிலவு 3,84,000 கிலோமீட்டரில் இருக்கிறது. அதைத் தூக்கி அங்கே வைத்தால் விண்மீன் பறித்துக்கொள்ளும். நெருக்கமாகச் சிறு நிலா ஒன்றை வைக்கலாம், ஆனால் அலையீர்ப்பு விசை காலப்போக்கில் அதன் பாதையைக் குலைக்கும்.

அதே அலையீர்ப்பு விசை கோளின் சுழற்சியையும் தணித்துவிடும். நிலவு பூமிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, இந்தக் கோளும் தன் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு சுற்றும். ஒரு பாதியில் ஓயாத பகல், மறுபாதியில் ஓயாத இரவு. இரவுப் பாதியில் காற்றே உறைந்து வீழ்ந்துவிடும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஓரளவு அடர்த்தியான வளிமண்டலம் இருந்தால் காற்றோட்டமே வெப்பத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று 1990-களில் நடந்த கணிப்புகள் காட்டின. ஆகவே உயிர்வாழ இடமுண்டு.

சீடன்: கேட்டது எதுவும் கிடைக்கவில்லையே. கணக்கு கற்பனையின் கையைக் கட்டிப்போடுகிறது என்றல்லவா ஆகிறது?

குரு: கிடைத்ததைப் பார். பகல் பாதியில் பிறந்தவர்கள் விண்மீன்களைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். சூரியனும் நகராது. ஆண்டு என்ற எண்ணம் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? வயதை எதைக்கொண்டு சொல்வார்கள்? இனி கோளின் பாதையைச் சற்றே நீள்வட்டமாக்கு. பத்தில் ஒரு பங்கு மையப்பிறழ்ச்சி போதும். பக்கத்துக் கோள் ஒன்று இழுத்துக்கொண்டே இருந்தால் அது நிலைத்தும் நிற்கும். அப்போது சூரியன் வானத்தில் 23 பாகை அளவுக்கு ஊசலாடும், 21 நாளுக்கு ஒருமுறை போய் வரும். கிட்டே வரும்போது பெறும் வெப்பம் எட்டப் போகும்போது பெறுவதைப்போல ஒன்றரை மடங்கு. பகலும் இரவும் சந்திக்கும் விளிம்பில், அகலமான இடத்தில் 2,500 கிலோமீட்டர் வரை விரியும் ஒரு பட்டையில் மட்டும், சூரியன் உதிக்கும், மறையும். அந்தப் பட்டையில் இருப்பவர்களுக்குத்தான் நாளும் தெரியும், விண்மீனும் தெரியும். பஞ்சாங்கம் கணிக்கிறவர்கள் அங்கேதான் தோன்றுவார்கள். நடுப்பகல் நாட்டவர் காலத்தை அவர்களிடம் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். 400 நாளும் இரண்டு நிலாவும் கேட்டபடியே கிடைத்திருந்தால் இந்த வணிகம் அந்தக் கதாசிரியருக்குத் தோன்றியிருக்காது. நான்கு எண்களை இட்டதில் ஓர் அரசியலே வந்து நிற்கிறது.

சீடன்: இப்படி எண்ணிலிருந்து கதையை வளர்த்தவர்கள் உண்டா?

குரு: ஹால் கிளெமென்ட். இயற்பெயர் ஹாரி கிளெமென்ட் ஸ்டப்ஸ். ஹார்வர்டில் வானியல் படித்து, மாசசூசெட்ஸில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 'மிஷன் ஆஃப் கிராவிட்டி' என்ற அவருடைய நாவல் 1953-இல் 'அஸ்டவுண்டிங்' இதழில் தொடராக வந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 61 சிக்னி என்ற இரட்டை விண்மீனின் அசைவை அளந்த கை ஸ்ட்ராண்ட் என்ற வானியலாளர், கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அங்கே இருப்பதாக அறிவித்திருந்தார். அதன் நிறை வியாழனைப்போல 16 மடங்கு. கிளெமென்ட் அதையே தன் கோளாக்கி மெஸ்க்லின் என்று பெயரிட்டார்.

அவ்வளவு நிறையுள்ள கோளில் மனிதர் நிற்கவே முடியாது. மனிதர் இறங்காவிட்டால் கதைக்கு இடமில்லை. நிறையைக் குறைத்துக்கொள்வது எளிய வழி, ஆனால் அது தரவுக்குத் துரோகம். கிளெமென்ட் கோளைச் சுழற்றினார். சுழற்சி கூடினால் நடுக்கோட்டில் எடை குறையும், கோளும் தட்டையாகும். பத்து மணி நேரத்துக்குள் சுழலும் வியாழனே துருவ விட்டத்தைவிட நடுக்கோட்டு விட்டத்தில் 9,000 கிலோமீட்டருக்கு மேல் அகன்றிருக்கிறது. மெஸ்க்லினின் ஒரு நாள் சுமார் 18 நிமிடம். கோள் தட்டுபோல் ஆகிவிட்டது. நடுக்கோட்டில் ஈர்ப்பு பூமியைப்போல 3 மடங்கு. மனிதர் முக்கி முனகியாவது இருக்கலாம். துருவத்திலோ சுமார் 700 மடங்கு. மனிதர் அனுப்பிய விலைமதிப்பற்ற ஆய்வு ராக்கெட் ஒன்று அங்கே சிக்கிக்கொண்டது. மீட்க அங்கேயே பிறந்தவர்கள்தான் போக முடியும். நாவலின் முழுக் கதையும் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நடக்கும் பயணம்.

சீடன்: துருவத்தில் பிறந்தவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள்?

குரு: முழ நீளத்துக்குக் குறைவான, தரையோடு ஒட்டிய, பல கால்களுள்ள உயிர்கள். உடலைவிட அவர்களுடைய அச்சங்கள்தாம் கவனிக்கத்தக்கவை. 700 மடங்கு ஈர்ப்பில் ஒரு சாண் உயரத்திலிருந்து விழும் கல் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தாக்கும். விழுந்ததைக் கண் பார்க்கவே பார்க்காது. மேலே இருந்தது, இப்போது கீழே நொறுங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். அங்கே யாரும் வீட்டுக்குக் கெட்டியான கூரை போடுவதில்லை. எறிதல் என்ற செயலே அவர்கள் மனத்தில் இல்லை. மீத்தேன் கடலில் கப்பலோட்டும் தலைவன் பார்லென்னன், எதன் அடியிலும் நிற்க அஞ்சுகிறான். அவர்களுடைய நிலப்படம் கிண்ண வடிவில் இருக்கிறது. கடும் ஈர்ப்பில் காற்றின் அடர்த்தி உயரத்தோடு சட்டென்று குறைவதால் ஒளி வளைந்து, அடிவானம் சுற்றிலும் உயர்ந்து தெரிகிறது. உலகம் கிண்ணம் என்று அவர்கள் முடிவு கட்டியதில் தவறு சொல்ல முடியாது, கண்டதைத்தான் வரைந்தார்கள். ஓர் இனத்தின் அறியாமையைக்கூட ஒளிவிலகலிலிருந்து வருவித்தது, கடல் எதனால் ஆனது என்று கணக்கிட்டதைவிடப் பெரிய செயல்.

சீடன்: 61 சிக்னியில் அந்தக் கோள் இருக்கிறதா?

குரு: இல்லை. பின்வந்த துல்லியமான அளவீடுகளில் அந்தத் துணை காணாமல் போயிற்று. துருவ ஈர்ப்பையும் கிளெமென்டே பின்னாளில் திருத்திக் கணக்கிட்டார். புதிய எண் பழையதில் பாதிகூட இல்லை.

சீடன்: தரவும் பொய், கணக்கும் பிசகு என்றால் அந்த உலகம் எந்த வகையில் நம்பத்தகுந்தது?

குரு: தரவு பொய்ப்பது வேறு, விதி பொய்ப்பது வேறு. அந்த நிறையும் அந்தச் சுழற்சியும் உள்ள கோள் எங்கே இருந்தாலும் தட்டையாகத்தான் இருக்கும், துருவத்தில் எடை கூடத்தான் செய்யும். எண் பாதியானாலும் கூரைக்கு அஞ்சத்தான் வேண்டும். கதை தாங்கி நின்றது அந்த உறவின்மேல், 61 சிக்னியின்மேல் அல்ல. எதிர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. லாரி நிவன் என்ற எழுத்தாளரின் முதல் கதை 1964 டிசம்பரில் வெளிவந்தது. புதன் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது, அதன் இருண்ட பாதி கடுங்குளிர் என்பதுதான் கதையின் முடிச்சு. 1965-இல் அரெசிபோ ரேடார், புதன் 59 நாளுக்கு ஒருமுறை சுழல்வதைக் காட்டியது. தரவு போனதும் முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

சீடன்: விதியே பிழைத்தால்?

குரு: அதுவும் நிவனுக்கு நேர்ந்தது. 1970-இல் வந்த 'ரிங்வேர்ல்ட்' நாவலில் பூமி–சூரியத் தூரத்தையே ஆரமாகக் கொண்ட மாபெரும் வளையம் ஒரு விண்மீனைச் சுற்றி நிற்கிறது. உள்பரப்பில் பூமியின் எடை உணரப்பட வேண்டுமானால் அது நொடிக்கு சுமார் 1,200 கிலோமீட்டர் வேகத்தில் சுழல வேண்டும். அதை நிவன் சரியாகவே வைத்தார். ஆனால் திண்மமான வளையம் இம்மியளவு விலகினாலும், விண்மீனுக்கு அருகே வந்த பக்கம் மேலும் இழுபட்டு, கடைசியில் மோதிவிடும். சனியின் வளையம் ஒரே தகடாக இருக்க முடியாது என்பதை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1859-லேயே இவ்வகைக் கணக்கால் நிறுவியிருந்தார். 1971-இல் பாஸ்டனில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் எம்.ஐ.டி. மாணவர்கள், வளையம் நிலையற்றது என்று கூடங்களில் முழக்கமிட்டார்கள். அதே நாவலின் முதல் பதிப்பில் பூமியே எதிர்த்திசையில் சுழன்றிருந்தது. அதைத் திருத்த அடுத்த அச்சில் சில சொற்களை மாற்றினால் போதுமாயிற்று. வளையத்தை நிறுத்தி வைக்கும் உந்துபொறிகளைப் பொருத்த இரண்டாவது நாவலே எழுத வேண்டிவந்தது.

சீடன்: பொய்யே சொல்லக்கூடாதா? 61 சிக்னி 11 ஒளியாண்டு தொலைவு. மெஸ்க்லினுக்கு மனிதர் எப்படிப் போனார்கள்?

குரு: கிளெமென்ட் விளக்க முற்படவில்லை, வாசகரும் கேட்கவில்லை. கதை தொடங்கும் முன்பே செய்துகொண்ட உடன்படிக்கை அது. ஆனால் நடுவழியில் சிக்கல் முற்றும்போது புதிதாய் ஒரு பொய்யைக் கொண்டுவந்து தப்பினால் உடன்படிக்கை முறியும். கதைக்கு வேண்டிய எண்ணை முதலில் வைத்துவிட்டு, அதற்கான விலையை இயற்பியலில் செலுத்துவதும் நேர்மையான வழியே. 2014-இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்' திரைப்படத்தில், ஒரு கோளில் கழியும் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு ஆண்டாக வேண்டும் என்று இயக்குநர் நோலன் பிடிவாதமாக இருந்தார். இயற்பியலாளர் கிப் தோர்ன் கணக்கிட்டுப் பார்த்தார். 10 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை, சாத்தியமான உச்ச வேகத்துக்குக் கோடி கோடியில் ஒரு பங்குதான் குறைவாகச் சுழன்றால் அது இயலும் என்று கண்டார். இயற்கையில் அப்படி ஒன்று அமைவது அரிது. விதி தடுக்கவில்லை என்பதால் படத்தில் வைத்தார்கள்.

சீடன்: இந்தக் கணக்குகளையெல்லாம் கதைக்குள் எங்கே சொல்வது?

குரு: பெரும்பாலும் சொல்லவே வேண்டாம். கிளெமென்ட் மெஸ்க்லினின் கணக்கைத் தனிக் கட்டுரையாக்கி, தொடர் வந்துகொண்டிருந்தபோதே 1953 ஜூன் இதழில் வெளியிட்டார். எழுதுகிறவர் இயன்றவரை பிழையின்றிக் கட்டுவதும், படிக்கிறவர் அதில் பிழை கண்டுபிடிப்பதும் ஒரு விளையாட்டு என்று அதில் சொன்னார். நாவலுக்குள் இருப்பது எதன் அடியிலும் நிற்காத ஒரு மாலுமி.